யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்

மார்ச் 6

அண்ணி அவர்களுக்கு,

இப்படி எழுதுவது எனக்கே புதிதாக இருக்கிறது. நீங்கள் என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நான்கு வருடம் நாம் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிரல் எழுதியிருக்கிறோம். இத்தனை நாளில் உங்களை 'வாயாடி' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு அந்தப் பெயர் வரமாட்டேன் என்கிறது.

மூன்று நாளாக உங்கள் போனை எடுக்காதது வேண்டுமென்றேதான். போனில் நீங்கள் அழுவீர்கள், நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். அலுவலக மெயிலில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். ஆகவே காகிதம்.

திங்கள்கிழமை காலை இங்கே கிளை அலுவலகத்தில் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் திரையில் அரைமணி சார். எந்த வேலையைக் கொடுத்தாலும் "அரைமணி நேர வேலைதானே" என்பவர். அந்தப் பெயரை வைத்ததே நாம் இரண்டு பேரும்தான்.

"நம்ம ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர்ல யாருமே கூப்பிடாத ஃபங்ஷன் எத்தனை இருக்குன்னு பார்த்தோம்மா. ஐம்பத்து நாலு. அதுல நாற்பத்தொன்பது நீங்க எழுதினது."

"அதெல்லாம் அந்தந்தக் காலத்துக்குத் தேவையா இருந்தது சார்."

"இருக்கலாம். இப்ப இல்லையே."

பட்டியலின் முதல் பக்கத்தைத் திரையில் காட்டினார். ஃபங்ஷனின் பெயர், எத்தனை வரி நிரல், எழுதியவர். எழுதியவர் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை என் பெயர், பள்ளிக்கூடத்தில் தப்பு செய்தவளை நூறு தடவை எழுதச் சொன்ன மாதிரி. அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து.

மார்ச் 31 எனக்குக் கடைசி நாள். நிரலைத் திறந்து பார்க்கும் அனுமதியை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர்களின் போனை மட்டும் அதுவரை எடுக்கலாமாம்.

பயன்படாததை எடுப்பதில் தவறில்லை. நானே எத்தனையோ எடுத்திருக்கிறேன். ஆனால் பெயருக்கு என்று ஒரு தனிக் கட்டம் எதற்கு? ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே?

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 11

என் ராங்கிக்கு,

நீ 'நீங்கள்' போட்டால் நானும் போடுவேன் என்று நினைத்தாயா? மாட்டேன். திட்டுவதென்றால் 'டீ' போட்டுத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். நம் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கப் போகிறது. அவர்களுடைய ஆட்கள் வந்து நிரலைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைக் கூட்டிப் பெருக்கி வை என்று என்னிடம் கொடுத்தார்கள். எதை எது கூப்பிடுகிறது என்று தேடும் கருவியை ஓட்டினேன். யாரும் கூப்பிடாத ஐம்பத்து நாலை அது துப்பியது. "யார் எழுதினாங்கன்னும் சேர்த்துக் குடும்மா, சந்தேகம் வந்தா கேட்டுக்கலாம்" என்றார் அரைமணி. நியாயமாகத்தானே பட்டது? ஒரு பொத்தானை அழுத்தினேன், பெயர்கள் வந்து விழுந்தன. உன் பெயர் இத்தனை தடவை வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் மூன்று வருடம் பாதியை நீதானே எழுதினாய்.

சத்தியமாக அதை வைத்து ஆளை எடுப்பார்கள் என்று நினைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன், அதையும் மறைக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் சமையலறையில் "இன்னைக்கு அஞ்சு ஃபங்ஷனை எடுத்துட்டேன் அத்தை" என்றேன். உன் அம்மா கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு, "யார் வீட்டு ஃபங்ஷன்மா? நம்மள யாரும் கூப்பிடவே இல்லையே" என்றார். நானும் உன் அண்ணனும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். இப்போது அதே சமையலறையில் உப்பு எங்கே என்று கேட்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. உன் அண்ணன் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டு ஐந்து நாள் ஆகிறது.

உனக்கு வேறு வேலை பார்த்துத் தருகிறேன் என்று எழுதினால் இன்னும் கோபம் வரும். எழுதவில்லை. போனை மட்டும் எடு.

உன்,
வாயாடி


மார்ச் 15

அண்ணிக்கு,

போன் வேண்டாம். என் வேலையைப் பற்றியும் இனி பேச வேண்டாம். அது போனது போகட்டும். ஒரே ஒரு கேள்வி.

எனக்கு முதல் பக்கத்தைத்தான் காட்டினார்கள். மீதிப் பக்கங்களில் 'பழைய வடிவம் படிப்பான்' இருக்கிறதா?

அதை நாம் எழுதிய நாள் உங்களுக்கு மறந்திருக்காது. முதல் பதிப்பில் கோப்புகளை ஒரு விதமாகச் சேமித்தோம், பிறகு முறையை மாற்றினோம். பழைய முறையில் எழுதியதைப் படிக்க ஒன்று வேண்டுமே என்று மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தப் புழுக்கமான அறையில் உட்கார்ந்து எழுதினேன். பக்கத்தில் நீங்கள் ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டே தப்பு கண்டுபிடித்தீர்கள்.

அதை வேறு எந்த ஃபங்ஷனும் கூப்பிடாது. ஒரு வட்டு பழுதானால் கையால் ஓட்டுகிற மீட்புக் கருவி மட்டும்தான் அதைப் பெயர் சொல்லித் தேடிக் கூப்பிடும். உங்கள் தேடும் கருவிக்கு அது தெரியாது. பெயர் கிடைக்காவிட்டால் மீட்புக் கருவி நிற்காது. தெரியாத முறையில் இருப்பதையெல்லாம் குப்பை என்று எண்ணி அந்த இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகும். அப்படி அதை எழுதிய பாவமும் என்னுடையதுதான். அதனால்தான் ஃபங்ஷனுக்கு மேலே நான்கு வரியில் குறிப்பு எழுதி வைத்தேன், யாரும் கூப்பிடவில்லை என்று இதை எடுத்துவிடாதீர்கள் என்று.

பழைய முறையில் இன்னும் கோப்பு வைத்திருக்கிற ஒரே வாடிக்கையாளர் இந்த ஊரில்தான் இருக்கிறார். காது கேளாமல் பிறந்த குழந்தைகளுக்குக் கருவி பொருத்திப் பேசப் பழக்கும் மையம். ஒவ்வொரு குழந்தையின் குரலையும் மாதம் ஒருமுறை பதிவு செய்கிறார்கள். முதல் நான்கு வருடப் பதிவு அத்தனையும் பழைய வடிவத்தில். அங்குள்ள பேச்சு டீச்சரிடம் புதிய பதிப்பை இப்போதைக்குப் போட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் கிளையில் இருந்து நச்சரிக்கிறார்கள்.

என்மேல் என்ன இருந்தாலும் இருக்கட்டும். அந்த ஒன்றைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

நாத்தனார்


மார்ச் 20

ராங்கி,

நல்லவேளை எழுதினாய். பட்டியலில் அது இருந்தது, கடைசிப் பக்கத்தில், ஐம்பத்து நாலாவது. எடுத்தும் விட்டிருந்தேன். உன் கடிதத்தை மதியம் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடியே படித்தேன். கை நடுங்கிவிட்டது.

திரும்ப வைத்துவிட்டேன். உன் நான்கு வரிக் குறிப்போடு சேர்த்து, ஒரு புள்ளி குறையாமல். குறிப்புக்குக் கீழே என் பங்குக்கு ஒரு வரி: 'மேலே சொல்லியிருப்பதைக் கேளுங்கள், நான் கேட்காமல் மாட்டிக்கொண்டேன்.' படித்தால் நீயே சிரிப்பாய். புதிய பதிப்போடு அது போகும். மீட்புக் கருவியையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், பழையதைச் சமர்த்தாகப் படிக்கிறது.

உன் பேச்சு டீச்சரைத் தைரியமாகப் போடச் சொல். நீ நிம்மதியாக இரு. இந்த ஒன்றையாவது உனக்காகச் செய்ய முடிந்ததே என்று எனக்கு இன்றைக்குத்தான் சாப்பாடு இறங்கியது.

ஆரஞ்சு எனக்கு மறக்குமா? உன் கீபோர்டில் சாறு சொட்டி, ஒரு வாரம் 'க' அழுத்தினால் நாலு 'க' வந்ததே.

உன்,
வாயாடி


மார்ச் 27

வாயாடிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். வேலை போனது போனதுதான், அந்தப் பெயர்க் கட்டம் கண்ணைவிட்டு நகரவில்லை. ஆனால் நீ மாறிவிட்டாயோ என்று ஒரு பயம் இருந்ததே, அது போய்விட்டது. அதுதான் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

நேற்று மையத்துக்குப் போய் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். "நீங்க சொன்னா சரிதான். அந்தப் பதிவு இல்லாம எங்களுக்குக் கையே ஓடாது" என்றார். "எங்க அண்ணி தன் கையால வெச்சிருக்காங்க, நீங்க கவலையே பட வேண்டாம்" என்றேன். அப்படிச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, போ.

அண்ணனிடம் நான் கோபமாக இல்லை என்று சொல். உன் முகத்தைப் பார்த்துச் சாப்பிடச் சொல். உன் முகம் என்ன அவ்வளவு மோசமா?

ராங்கி


மே 5

அண்ணி,

கேள்வி எதுவும் கேட்காமல் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை. மையத்தில் ஒரு வட்டு செத்துப்போனது. சாகட்டும், ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதி இருக்கிறதே. கிளையில் இருந்து போனில் சொல்லச் சொல்ல, அங்குள்ள டெக்னீசியன் மீட்புக் கருவியை ஓட்டியிருக்கிறார். நாற்பது நிமிடத்தில் 'எல்லாம் சரி' என்று பச்சையாக வந்ததாம். எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

மறுநாள் பேச்சு டீச்சர் ஒரு பெண்ணின் பழைய பதிவைத் திறந்தார். இல்லை. பக்கத்துப் பெயரைத் திறந்தார். இல்லை. எனக்குப் போன் செய்தார். நான் இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

போய்ப் பார்த்தேன். மீட்புக் கருவி எழுதிய குறிப்பில் இரண்டே வரி. 'பழைய வடிவம் படிப்பான்: அப்படி எதுவும் இல்லை.' அதற்கடுத்து, 'அறிய முடியாத பகுதிகள் காலி செய்யப்பட்டன.' மூன்று பிரதியையும் துடைத்து, அந்த இடத்தில் வேறு கோப்புகளை எழுதி நிரப்பியும் முடித்துவிட்டது. ஃபங்ஷனை இப்போது ஐந்து நிமிடத்தில் திரும்ப வைக்கலாம். அது படிக்க வேண்டியது எதுவும் இல்லை.

அறுபத்தெட்டுக் குழந்தைகள், நான்கு வருடம்.

டீச்சர் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க வந்து சொன்னீங்களேம்மா."

"சொன்னேன்."

"நான் தள்ளிப் போட்டுட்டேதான் இருந்தேன். நீங்க சொன்னதாலதான் போட்டேன்."

"தெரியும் டீச்சர்."

அவர் சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

கேள்வி கேட்கவில்லை என்றேன், முடியவில்லை. 'ஒரு புள்ளி குறையாமல்' என்று எழுதினீர்களே. 'ஓட்டிப் பார்த்தேன்' என்று எழுதினீர்களே. எதை ஓட்டிப் பார்த்தீர்கள்?

நாத்தனார்


மே 13

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

நான் வைக்கவில்லை.

அன்றைக்கு மதியம் கடிதம் எழுதும்போது வைத்துவிடுவதாகத்தான் இருந்தேன். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு மேலே போய் வைப்பது, அவ்வளவுதான் வேலை. இடத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தும் விட்டேன். அதற்குள் அரைமணி சார் வாங்கப் போகிறவர்களை அழைத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். "இவங்கதான் ஐம்பத்து நாலையும் கிளீன் பண்ணினவங்க" என்றார். அவர்கள் கை கொடுத்தார்கள். ஐம்பத்து மூன்று என்று எப்படிச் சொல்வது? ஒன்றைத் திரும்ப வைத்தால், ஏன் எடுத்தாய், குறிப்பைப் படிக்கவில்லையா என்று கேட்பார்கள். நாளைக்கு வைக்கலாம் என்று விட்டேன். மறுநாளும் விட்டேன். அப்புறம் உன் கடிதம் வந்தது, 'வாயாடிக்கு' என்று. அதைப் படித்த பிறகு, இப்போது வைத்தால், வைக்காமலே வைத்ததாக எழுதியது தேதியில் தெரிந்துவிடுமே என்று வைக்கவே முடியாமல் போய்விட்டது. வட்டு எங்கே பழுதாகப் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இன்னும் இருக்கிறது. உன் குறிப்பை நான் முதல் நாளே படித்தேன். எடுப்பதற்கு முன்னாலேயே. நான்கு வரியையும் படித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஏன் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். இந்த ஆபீஸில் பத்து வருடமாக நான் 'அவங்க எழுதினதைப் பார்த்துக்கிறவங்க'. உன் அண்ணனே முதலில் என்னை எல்லோரிடமும் 'என் தங்கச்சியோட ஃப்ரெண்டு' என்றுதான் சொன்னார். எதைத் திறந்தாலும் உன் குறிப்பு, இப்படிச் செய்யாதே, அதைத் தொடாதே என்று. ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமே என்று இருந்தது. ஐம்பத்து நாலு என்பது ஐம்பத்து மூன்றைவிட நன்றாகவும் இருந்தது. இவ்வளவு அற்பமாகத்தான் இருந்தது, ராங்கி.

விசாரணை வைத்தார்கள். எழுதியவர் எச்சரிக்கை எதுவும் வைத்திருந்தாரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அறிக்கையில் அப்படித்தான் போகிறது.

உன் அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது.


மே 19

அண்ணிக்கு,

அறிக்கை மையத்துக்கு வந்தது. டீச்சர் எனக்குக் காட்டினார். 'முந்தைய பொறியாளர் உரிய குறிப்பு எதையும் விட்டுச் செல்லவில்லை.' இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துக் கொடுத்தேன்.

நிரலின் பழைய பதிவுகளைத் திறந்தால் என் குறிப்பு தேதியோடு இருக்கும். திறக்கும் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. ஆபீஸுக்கு நான் எதையும் அனுப்பப் போவதில்லை. அவர்களிடம் நல்ல பெயர் வாங்கி நான் என்ன செய்ய?

மே 31, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மையத்தில் பெற்றோர் கூட்டம். எப்படிப் போனது, யார் சொல்லி இதைச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் சொல்லித்தான் என்று எழுந்து நின்று சொல்லப் போகிறேன். எனக்குச் சொன்னவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மன்னிப்புக்கூட எனக்கு வேண்டாம், அவர்களிடம் கேளுங்கள்.

வருவீர்களா?

நாத்தனார்


மே 24

வருகிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜன்னலோரம் பதினோராம் நம்பர். விசாரணைக் குழுவுக்கும் உண்மையை எழுதி வைத்திருக்கிறேன், வருவதற்கு முன் கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை நம்பு.

வாயாடி


ஜூன் 2

அண்ணி அவர்களுக்கு,

பத்து மணிக்கு வாசலில் நின்றேன். பத்தேகாலுக்கு டீச்சர் வந்து "ஆரம்பிக்கலாமா?" என்றார். "அஞ்சு நிமிஷம்" என்றேன். பத்தரைக்கு ஆட்டோவில் இருந்து அண்ணன் இறங்கினான். தனியாக. பதினோராம் நம்பரில் அவன்தான் வந்திருக்கிறான். கையில் நான் உங்களுக்கு எழுதிய கடிதங்கள் அத்தனையும். கிளம்புகிற நேரத்தில் அதை அவன் கையில் கொடுத்து, "நீங்க போங்க, எனக்கு அங்க நிக்க முகம் இல்ல" என்றீர்களாம். விசாரணைக் குழுவுக்கு எழுதியது மேசை இழுப்பறையில் இருக்கிறதாம்.

அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பிளாஸ்டிக் நாற்காலி, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கவே இல்லை.

நான் எழுந்து சொன்னேன். அந்த ஃபங்ஷன் என்ன, அதை யார் எழுதியது, அது இருக்கிறது என்று டீச்சரிடம் வந்து சொன்னது யார். "சரியாப் பார்க்காமலா சொன்னீங்க?" என்று ஒரு அப்பா கேட்டார். "பார்க்க எனக்கு அனுமதி இல்லீங்க. நான் நம்பினவங்க சொன்னாங்க" என்றேன். "யாரு?" என்றார். வீட்டாள் என்றேன். அண்ணன் அப்போதும் நிமிரவில்லை. அந்த அப்பா அதற்குமேல் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். அது மரியாதையா வெறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொருவரும் போனைத் துழாவினார்கள், பழைய வீடியோவில் எங்காவது குரல் இருக்குமா என்று. சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, காதுக்குப் பின்னால் கருவி மாட்டியிருந்தவள், அவள் அம்மாவைக் கேட்டாள்: "நான் முதல்ல என்னம்மா சொன்னேன்?"

"கதவு."

"எப்படிச் சொன்னேன்?"

அந்த அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு, அத்தனை பேர் முன்னால் சொல்லிக் காட்டினார். "அ...தவூ." கடைசி எழுத்து மேலே ஏறி உடைந்தது. பெண் சிரித்தாள். "இவ்வளவு மோசமாவா?" "இன்னும் மோசமா. எனக்கு அப்படிச் சொல்ல வரல" என்றார் அம்மா. அவரும் சிரித்தார், அங்கே நிறைய பேர் சிரித்தார்கள். அதன் பிறகு அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பஸ் ஏறும்போது அண்ணன், "அவகிட்ட என்ன சொல்லட்டும்?" என்றான். "ஒண்ணும் சொல்லாதே, நானே எழுதறேன்" என்றேன்.

வேலை போனதைக்கூட ஒருநாள் விட்டுவிடுவேன். என் குறிப்பைப் படித்துவிட்டு எடுத்ததையும், அறிக்கையில் என்னைச் சொன்னதையும்கூட, வயதானால் விட்டுவிடுவேனோ என்னவோ. உங்கள் மார்ச் 20 கடிதம்தான் முடியவில்லை. நேற்றும் எடுத்துப் படித்தேன். வண்டி நிறுத்துமிடம், கை நடுங்கியது, சாப்பாடு இறங்கியது. பொய் என்று தெரிந்தே படித்தும், முடிக்கும்போது மனசு லேசாகிவிடுகிறது. அவ்வளவு அன்பாக எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
நாத்தனார்